அப்பாயியின் கை படத்தில் இல்லை

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

கடந்த ஜனவரியில் எங்கள் அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்காக உறவினர்கள் ஒரு பதாகை அச்சிட்டார்கள். அதிலிருந்த படம் நான் எடுத்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி அப்பாயி நிற்கும் அந்தப் படத்தில், அவருடைய வலது கை எங்கள் குதிரையின் கழுத்தில் இருந்தது. பதாகையில் குதிரை இல்லை. குதிரையை வெட்டி நீக்கியவர்கள் கையையும் மணிக்கட்டோடு நீக்கிவிட்டு, வெறுமையான இடத்தில் ஒரு ரோசாப்பூக் கொத்தை ஒட்டியிருந்தார்கள். அதைக் கண்டதும் நான் அத்தையோடு சத்தமிட்டுச் சண்டை போட்டேன். முப்பத்தாறு வயதான ஒரு பாடசாலை ஆசிரியை, பந்தியில் ஊரார் உட்கார்ந்திருக்கும்போது அப்படிக் கத்தியது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கத்திய விதத்துக்காக வருந்துகிறேன். கத்திய காரணத்துக்காக இன்னமும் வருந்த முடியவில்லை.

அப்பாயி 1940இல் நுவரெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது அவருக்கு எட்டு வயது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அது கையில் கிடைத்தபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இடையில் அவர் கொழுந்து பறித்தார், ஐந்து பிள்ளைகளைப் பெற்று மூவரை ஆளாக்கினார், கணவரை இழந்தார். ஐம்பது வயதில் ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்ததும், காதிலும் மூக்கிலும் கிடந்ததையும் விற்றுச் சேர்த்து, கந்தப்பளைப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, கோவா (முட்டைக்கோஸ்), இரண்டு பசு மாடுகள் என்று அந்தத் தோட்டம் வளர்ந்தது. என் அப்பா இளவயதில் இறந்து, அம்மாவும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, என்னை வளர்த்ததும் அந்தத் தோட்டமும் அப்பாயியும்தான்.

சித்தப்பா 1996 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றின் குதிரைப் பயிற்சிக்கூடத்தில் லாயப் பணியாளராக இருந்தவர். அங்கே ஒரு ஜெர்மானியப் பயிற்சியாளரிடம் டிரெசாஜ் என்ற கலையை, முதலில் பார்த்தும் பிறகு குதிரையில் ஏறியும் கற்றுக்கொண்டார். ஓட்டப்பந்தயம் போன்றதன்று அது. சவாரி செய்பவர் தம் உடல் எடையைச் சற்றே மாற்றுவதாலும், காலால் மெல்ல அழுத்துவதாலும், கடிவாள வாரை விரலளவு இறுக்கித் தளர்த்துவதாலும் மட்டுமே குதிரையை நடத்த வேண்டும். பார்ப்பவர்களுக்குக் குதிரை தானாகவே நடப்பது போலத் தோன்ற வேண்டும். 1912 முதல் ஒலிம்பிக்கிலும் இது இருக்கிறது. ஊர் திரும்பிய சித்தப்பா, 2009 ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு, நுவரெலியாப் பந்தயத்தில் முன்னங்கால் தசைநார் பழுதாகி இனி ஓடாது என்று கழிக்கப்பட்ட நான்கு வயது ஆண் குதிரை ஒன்றைத் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கி வந்தார். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தரோபிரெட் இனம், தோளுயரம் 64 அங்குலம், இருண்ட செம்பழுப்பு நிறம். வாங்காமல் விட்டிருந்தால் கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்திருக்கும்.

அப்பாயி மூன்று நாட்கள் சித்தப்பாவோடு பேசவில்லை. நான்காம் நாள் கொட்டிலுக்குப் போய்க் குதிரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் உதவி முகாமையாளரை அப்படித்தான் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேலாகச் சின்னத்துரைமார் முன்னால் கைகட்டி நின்ற கிழவி, அன்று தொடங்கித் தினமும் விடியற்காலையில், "சின்னத்துரை, காலைத் தூக்குங்க, சாணியை மிதிக்காதீங்க" என்று அதட்டிக்கொண்டு கொட்டிலைக் கூட்டினார்.

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிழங்கு போட்டிருந்த சமதரையைச் சித்தப்பா கெஞ்சி வாங்கி, 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமாக அளந்து, சுற்றிலும் எட்டுப் பலகைகளை நட்டார். ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். எந்த எழுத்தில் திரும்புவது, எந்த எழுத்தில் நிற்பது என்பதற்கு அவை குறிகள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலையாட்களைக் கூட்டி ஆள்கணக்கு எடுக்கும் இடம் பெரட்டுக்களம். அப்பாயி இந்தத் தரையையும் பெரட்டுக்களம் என்றே சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அந்த எட்டு எழுத்துகளை மட்டும் அறிந்துகொண்டார். "ஈக்குப் பக்கத்துல தண்ணி நிக்குது, வாய்க்கால வெட்டு" என்பார். நின்ற இடத்திலேயே குதிரை கால்களை மாற்றி மாற்றித் தூக்கும் பியாஃப் என்ற நடையைச் சின்னத்துரை முதன்முதலாகச் சரியாகச் செய்த காலையில் சித்தப்பா அழுதே விட்டார். அப்பாயியோ, "குளிருல பெரட்டுக்கு நிக்கிற ஆளு மாதிரியே நிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார்.

சித்தப்பாவுக்கு 2014இல் முதுகெலும்புத் தட்டு விலகிய பிறகு நான் ஏறினேன். காயடிக்காத ஆண் குதிரையில் பெண்பிள்ளை ஏறுவதா என்று அத்தை கேட்டார். வியன்னாவில் நானூற்றைம்பது ஆண்டுகளாக ஆண் குதிரைகளையே பழக்கிவரும் ஸ்பானிய சவாரிப் பள்ளி இருக்கிறது, அங்கே 2008இல்தான் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள், நாம் ஆறு வருடம்தான் பிந்தியிருக்கிறோம் என்றார் சித்தப்பா. அப்பாயி எந்தப் பள்ளியையும் கேட்கவில்லை. "ஏறு புள்ள" என்றார், அவ்வளவுதான்.

குதிரையால் என்ன வருமானம் என்று கேட்டவர்களுக்கு அப்பாயி இலத்திக் குவியலைக் காட்டுவார். நாளொன்றுக்கு 20 கிலோவுக்குக் குறையாது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் சாக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர் யாரிடமும் பணம் வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், "சின்னத்துரைக்கு ஒரு சலாம் வச்சிட்டு அள்ளுங்க" என்றார்.

2022 ஜூலை முதல் வாரம். நாட்டின் பொருளாதார நெருக்கடியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டிருந்த நாட்கள். கொள்ளும் ஓட்ஸும் விலைக்கு எட்டாமற்போனதால் நாங்கள் தவிட்டையும் கழித்த கோவா இலையையும் கலந்து கொடுத்து வந்தோம். ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சின்னத்துரை தரையைக் காலால் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, வியர்த்தது, விழுந்து புரண்டது. விடியும்வரை நானும் சித்தப்பாவும் மாறி மாறி நடத்தினோம். பெற்றோல் தேடி அலைந்த மிருக வைத்தியர் வந்து சேர முற்பகல் பதினொன்று ஆகிவிட்டது. குடல் முறுக்கிக்கொண்டது என்றார், வயிற்றைத் திறந்து பார்க்கும் வசதி எட்டும் தூரத்தில் இல்லை என்றார், என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கயிற்றைப் பிடித்திருந்தது அப்பாயி. ஊசி ஏறியதும் அவர் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அதன் முகத்தில் போட்டார். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் டீசல் இல்லாததால் எட்டுப் பேர் மண்வெட்டியால் இருட்டும்வரை தோண்டி, சி பலகைக்கு அப்பால் அடக்கம் செய்தோம். ஓகஸ்ட்டில் ஒரு நாள் நான் பாடசாலைக்குப் புறப்படும்போது, "நான் போட்ட எலையாலயா புள்ள?" என்று அப்பாயி கேட்டார், பஸ் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்து, மாட்டுப் பொங்கலுக்கு மூன்றாம் நாள், அவர் மாட்டுக் கொட்டிலில் விழுந்தார். பக்கவாதம். இரண்டாம் நாள் வைத்தியசாலையில் உயிர் பிரிந்தது. அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அந்த ஆண்டு சில மாதங்கள் கிளினிக்கில் மாத்திரை கிடைக்கவில்லை. ஆனால் அத்தை சொல்வது வேறு: "குதிரைய இவ சாகக் குடுத்தா, அந்த ஏக்கத்துல எங்கம்மா போச்சு." மரண வீட்டில் நான் அழவில்லை. தேநீருக்குச் சீனி தேடினேன், பந்தல்காரருக்குக் கணக்குப் பார்த்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து கொட்டிலைத் துப்புரவாக்கும்போது, குதிரையைத் தேய்க்கும் தூரிகையில் செம்பழுப்பு மயிரும் இரண்டு வெள்ளை முடியும் சிக்கியிருந்தன. அங்கேயே உட்கார்ந்து மாலைவரை அழுதேன். "வளத்தவ செத்தப்ப ஒரு சொட்டு விடாதவ, குதிரைக் கொட்டில்ல ஒப்பாரி வைக்கிறா" என்று அத்தை எல்லோருக்கும் சொன்னார்.

இப்போது தோட்டத்தை விற்கப் போகிறார்கள். சித்தப்பா வாயே திறப்பதில்லை. நான் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறேன், சாப்பிடுகிறேன், ஜூலை மாதம் தவிர நன்றாகவே தூங்குகிறேன். ஆனால் அப்பாயியை நினைக்க முயன்றால் குதிரைதான் வருகிறது. நான் மனிதரைவிட மிருகத்தை நேசித்தவளா? அதையும் நான்தான் கொன்றேனா?

க.,
நுவரெலியா மாவட்டம்.

---

அன்புள்ள சகோதரிக்கு,

படத்திலிருந்தே தொடங்குகிறேன். பந்தியில் கத்தியிருக்க வேண்டியதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் பதாகையில் நடந்தது தவறு என்ற உங்கள் கணிப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பெண் எண்பது வயதில் எதைத் தொட்டுக்கொண்டு சிரித்தாரோ அதை எடுத்துவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்வது நினைவுகூரல் ஆகாது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு வகைத் துயரத்துக்குப் பெயர் கொடுத்தார். தமிழில் அதை உரிமை மறுக்கப்பட்ட துயரம் எனலாம். துக்கப்படுகிறவருக்கு, அதைத் துக்கம் என்று சொல்லும் உரிமையையே சுற்றியிருப்போர் தருவதில்லை. வளர்ப்பு விலங்கின் இழப்பு இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. உரிமை மறுப்பு என்பது உங்கள் அப்பாயிக்குப் புதிய சொல் அன்று என்பதை உங்கள் மடலின் இரண்டாம் பந்தியிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் துயரம் நோயா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் உறக்கத்தையும் உணவையும் பற்றித் தாமாகவே எழுதுகிறவர்கள் அதை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கு மேலாக அன்றாட வாழ்வை முடக்கிப்போடும் துயரத்தைத் தனியொரு நிலையாகக் கணக்கிடுகிறது. மாதக்கணக்கு மட்டும் அளவுகோல் அன்று. முடக்கம் இருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், உறங்குகிறீர்கள், ஜூலையில் தடுமாறுகிறீர்கள். அப்படியொரு பெயரை உங்கள்மேல் ஒட்ட எனக்குக் காரணம் தென்படவில்லை. ஜூலைத் தடுமாற்றம் மற்ற மாதங்களுக்கும் பரவினாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற நினைப்பு எட்டிப்பார்த்தாலோ, அடுத்த மடலுக்குக் காத்திராமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள்.

இனி, கொன்றது யார் என்ற கேள்வி. "உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம்; நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பாதது நியாயமும்கூட. எனக்குக் குதிரைகளைத் தெரியாது. ஆகவே குதிரைகளைப் பார்த்துப் பழகிய ஒரு மிருக வைத்தியரிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியேற வேண்டும். அதன் குடல் மிக நீளமானது, பல இடங்களில் இறுகப் பிணைக்கப்படாமல் கிடப்பது. தீவனம் சட்டென்று மாறுவதும், கோவா இனத்து இலைகள் உண்டாக்கும் வாயுவும் வயிற்றுக் குத்துக்குக் காரணமாகலாம். எந்த மாற்றமும் இல்லாமல், நல்ல தீவனம் தின்ற குதிரைகளுக்கும் குடல் முறுக்கிக்கொள்கிறது. சின்னத்துரைக்கு எதனால் வந்தது என்பதைத் திறந்து பார்த்திருந்தாலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாமற்போயிருக்கலாம் என்றார் அவர். ஆகவே அந்தத் தீவனத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்ற சாத்தியத்தை உங்களிடமிருந்து நான் பறிக்கப் போவதில்லை. அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு இந்த நாட்டில் எந்த வீட்டு அடுப்பிலும் சட்டிக்குள் போனது வீட்டுக்காரர் விரும்பித் தேர்ந்ததாக இருக்கவில்லை. காரணமாவது வேறு, குற்றவாளியாவது வேறு. தலையசைத்ததைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: பதின்மூன்று மணி நேரம் துடித்த ஓர் உயிருக்கு அன்று கொடுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். கயிற்றைப் பிடித்திருந்த அப்பாயிக்கும் அது தெரிந்திருந்ததால்தான் அவர் கயிற்றை விடவில்லை.

உங்கள் மடலில் நீங்கள் மிக விரைவாகக் கடந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. குதிரையை அடக்கம் செய்ததைச் சொல்லும் பந்தியின் கடைசியில், மூச்சு விடாமல், ஓகஸ்ட்டில் அப்பாயி கேட்ட கேள்வியையும் பஸ் வந்ததையும் ஒட்டவைத்துவிட்டு, அடுத்த பந்தியில் அவரை இறக்கவிடுகிறீர்கள். பெரட்டுக்களத்துக்கு எட்டுப் பலகைகளையும் எண்ணிச் சொன்ன நீங்கள், இந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். "நாங்கள் கலந்து கொடுத்து வந்தோம்" என்று எழுதுகிறீர்கள். அப்பாயியோ "நான் போட்ட எலை" என்கிறார். மாலையில் கழிவு இலையைச் சாக்கில் சுமந்து வந்து போட்டவர் அவர்தானா? இலை வேண்டாம் என்று எப்போதாவது நீங்கள் அவரிடம் சொல்லி, அவர் கேட்காமற்போனாரா? இது என் ஊகம். தவறாக இருந்தால் தள்ளிவிடுங்கள். சரியாக இருந்தால், அந்தக் காலையில் உங்கள் வாயை அடைத்தது பஸ் மட்டுமன்று.

வளர்த்தவர்மேல் கோபம் வருவது எங்கள் வீடுகளில் எளிதில் சொல்லக்கூடிய விடயம் இல்லை. அதிலும் இரண்டு ஏக்கரைத் தம் காதையும் மூக்கையும் விற்று வாங்கிய ஒருத்திமேல், உங்களுக்கு "ஏறு புள்ள" என்று சொன்ன ஒருத்திமேல் கோபப்படுவது பெரும் நன்றிகேடாகவே தோன்றும். ஆனாலும் ஓகஸ்ட்டில் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் இருந்திருக்கலாம். "இல்லை அப்பாயி" என்று சொன்னால் பொய்யாகிவிடும், "ஆமாம்" என்று சொன்னால் கொன்றுவிடும் என்ற நிலையில் மௌனமாகப் படியிறங்கியிருக்கிறீர்கள். அந்த மௌனத்தை அவிழ்க்க இன்னும் நேரம் இருக்கிறதென்று நினைத்திருப்பீர்கள். அது கிடைக்கவில்லை. பிறகு, அவர் கேள்வியிலிருந்த குற்றத்தை முழுதாக எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். அத்தை குற்றம் சாட்டும் முன்பே நீங்கள் அதை ஏற்றுக்கொண்டாயிற்று, ஏனென்றால் நீங்கள் ஏற்காவிட்டால் அது அப்பாயிமேல் போய் விழும்.

மரண வீட்டில் கண்ணீர் வராததைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான். பதில் சொல்லாத கேள்வி ஒன்று நடுவில் நிற்கும்போது அழுகை அந்த வழியாக வருவதில்லை. வேறு வழி தேடும். (ஒப்பாரி வைக்கிறவர்கள் உட்கார்ந்து வைக்க, யாரோ ஒருத்தி தேநீருக்குச் சீனி தேடித்தான் ஆக வேண்டும் என்பதும் எல்லா மரண வீட்டுக்கும் பொது.) நீங்கள் கொட்டிலில் கண்டெடுத்த தூரிகையில் செம்பழுப்பு மயிரோடு இரண்டு வெள்ளை முடியும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருண்ட செம்பழுப்புக் குதிரைக்கு வெள்ளை முடி யாருடையது? நீங்கள் அதை விளக்கவில்லை. குதிரைக்கும் வயதாகி நரை கண்டிருக்கலாம். ஆனால் அந்தத் தூரிகையைத் தினமும் பிடித்தவர் தலையிலிருந்தும் விழுந்திருக்கலாம். எதைப் பார்த்து மாலைவரை அழுதீர்கள் என்று அத்தைக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

சங்கப் பாடல்களில் ஒன்றில், போருக்குப் போன கணவன் திரும்பாத வீட்டிலிருந்து ஒரு பெண் புலம்புகிறாள். கணவன் வரவில்லை என்று அவள் சொல்வதில்லை. எல்லோருடைய குதிரையும் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக் குதிரை வரவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் குதிரையைத்தான் நேசித்தாள், கணவனை நேசிக்கவில்லை என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் அவளைக் குறைசொன்னதாக நான் அறியேன். அப்பாயியை நினைக்கப் போனால் குதிரை வருகிறது என்கிறீர்கள். வரட்டும். அது தனியாக வருகிறதா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் வருகிறாரா என்று அடுத்த முறை பாருங்கள்.

அத்தையைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஆனால் விட்டுவிட முடியாது. "அந்த ஏக்கத்துல போச்சு" என்ற அவருடைய தீர்ப்பை நீங்கள் சுமக்க வேண்டாம். எண்பது கடந்த உடல், பழைய இரத்த அழுத்தம், மாத்திரை கிடைக்காமற்போன மாதங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதத்துக்கு அவையே போதுமானவை. ஆயினும் படத்திலிருந்து குதிரையை வெட்டிய கையை வெறும் கொடுமை என்று மட்டும் நான் பார்க்கவில்லை. அத்தை பிறந்த காலத்தில் அவருடைய தாய் விடியுமுன் மலையேறியவர். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் திரும்பியிருப்பார். தலை வாரிவிட அவருக்கு நேரம் இருந்திருக்குமா? அந்தத் தாய் எழுபது வயதில் ஒரு குதிரையின் பிடரியை ஒரு மணி நேரம் வாருவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளுக்கு என்ன தோன்றியிருக்கும்? நீங்கள் அறிந்த அப்பாயி நிலம் வாங்கிய பிறகு உள்ளவர். அத்தைக்குக் கிடைத்தவர் வேறொருவர். அவரிடம் குதிரையைப் பற்றிப் பேசி வெல்ல முயலாதீர்கள். லயத்துக் காலத்து அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்வார் என்று உறுதி கூறமாட்டேன்.

நிலத்தை விற்பதா வேண்டாமா என்பது ஆலோசகர் சொல்லக்கூடியது அன்று. உறுதிப்பத்திரத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துக்கத்தையும் பங்கையும் ஒரே மேசையில் பேசவேண்டாம். விற்பனை நடப்பதாயின், சி பலகைக்கு அப்பால் உள்ள அந்தத் துண்டு நிலம் எது என்பதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது. கரட்டுக்கு ஆழமாகக் கொத்துகிறவர்கள் அங்கே.

அதற்கு முன் செய்ய வேண்டியவை என்று எனக்குப் படுபவை இரண்டு. முதலாவது, ஓகஸ்ட் கேள்விக்கான பதில். அதை எழுதியும் சொல்லலாம், கொட்டிலில் நின்று வாய்விட்டும் சொல்லலாம். "இலையாலும் இருக்கலாம் அப்பாயி, எனக்குத் தெரியாது, எனக்கு உங்கள்மேல் கோபமாகவும் இருந்தது" என்று உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள். அவர் இலத்திக்குச் சலாம் வைக்கச் சொன்னவர். இதைத் தாங்கமாட்டாத ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, சித்தப்பா. மடல் முழுவதும் அவரைப் பற்றிய கடைசிச் சொல், வாயே திறப்பதில்லை என்பது. தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கிய குதிரையை அவர் இழந்தார், ஆறு மாதத்தில் தாயை இழந்தார், அதற்கு முன்பே முதுகெலும்பால் சவாரியை இழந்தார். அந்த இரவு முழுக்கச் சின்னத்துரையை நடத்திய இரண்டு பேரில் அவர் ஒருவர். அவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை போலத் தெரிகிறது. துக்கத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆண்கள் பெரும்பாலும் அப்படித்தான். பியாஃப் பழக்க முதலில் எந்தக் காலைத் தூக்கக் கற்றுக்கொடுத்தார் என்று கேளுங்கள். அந்தக் களத்தை ஒரு சுற்று நடந்து காட்டச் சொல்லுங்கள். முழுப் படத்தையும், கை மணிக்கட்டில் வெட்டுப்படாத அந்தப் படத்தை, பெரிதாக அச்சிட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்.

சித்தப்பா என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். எட்டுப் பலகைகளில் எத்தனை இன்னும் நிற்கின்றன என்பதையும்.

அன்புடன்,
ஆலோசகர்